துப்பாக்கி சுடாத சிப்பாய்

அன்புள்ள ஐயா,

எனக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். ஜப்பான்காரன் காலத்தில் நேதாஜி படையில் சேர்ந்து பர்மா வரை போனவர். முன்னறையில் அவர் படத்துக்கு மாலை போட்டு, கீழே 'மாவீரர்' என்று அப்பா எழுதி வைத்திருக்கிறார். ஆனால் தாத்தா என்னிடம் சொன்னதெல்லாம் சமைத்தது, அரிசி மூட்டை தூக்கியது, குழி வெட்டியது, காய்ச்சலில் கிடந்தது, இவ்வளவுதான். ஒரு குண்டு சுட்டதாகச் சொன்னதே இல்லை. நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதக் கேட்கிறார்கள். என்ன எழுதுவது? 'அவர் சோத்துக்குத்தான் சேர்ந்தார்' என்று சித்தப்பா வேறு சொல்கிறார்.

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

தாத்தா சொன்னதை அப்படியே எழுதுங்கள். சுடாத துப்பாக்கியை அவர் கையில் நீங்கள் கொடுக்க வேண்டாம்.

நம் ஊர் விழா மேடைகளில் ஐ.என்.ஏ., அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் என்றாலே முழக்கம்தான். 'டில்லி சலோ' என்று ஒருவர் கத்துவார், கூட்டம் கை தட்டும். அந்த டில்லிக்குப் போகிற வழியில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி வேண்டும், அதை யார் தூக்கினார்கள் என்று எந்தப் பேச்சாளரும் சொல்லி நான் கேட்டதில்லை. போர் தோற்றதே அந்த இடத்தில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் இருபது கிலோ அரிசியை முதுகில் சுமந்து மலைப்பாதையில் ஐந்து நாள் நடக்கிறார். நாளுக்கு அறுநூறு கிராம் சாப்பிட்டால் போகவர ஆறு கிலோ அவருக்கே போய்விடும். முன்னால் இருப்பவருக்குப் போய்ச் சேருவது பதினான்குதான். மழை வந்து ஐந்து நாள் நடை எட்டு நாளானால் மிச்சம் இன்னும் குறையும். கோவேறு கழுதையோ லாரியோ இல்லாத படைக்கு இந்தக் கணக்கை மீற வழியே கிடையாது.

உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தைப்பிங்கில்தான் 1943 செப்டம்பரில் சுபாஷ் பிரிகேட் உருவானது. ஷா நவாஸ் கான் தலைமையில் அது பர்மாவுக்குப் போய், இந்திய எல்லையை ஒட்டிய சின் மலையில் ஃபாலம், ஹாக்கா என்ற இடங்களில் காவல் காத்தது. அங்கே சிப்பாய்கள் தங்கள் அரிசியைத் தாங்களே தூக்க வேண்டியிருந்தது. கூட்டாளியான ஜப்பானியர் நிலையும் பெரிய வித்தியாசமில்லை. 1944 மார்ச்சில் மணிப்பூரின் இம்பால் மீது படையெடுத்தபோது மூன்று வாரத்தில் ஊரைப் பிடித்து எதிரியின் கிடங்கிலேயே சாப்பிடலாம் என்பது தளபதி முத்தகுச்சியின் திட்டம். சுமக்கவும் தின்னவும் ஆகும் என்று மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். சிந்த்வின் ஆற்றைக் கடக்கையிலேயே நிறைய மாடுகள் போய்விட்டன. ஜூலையில் பின்வாங்கினார்கள். அதற்குள் பருவமழை பிடித்துக்கொண்டது. குண்டடி பட்டுச் செத்தவர்களைவிடப் பசியிலும் மலேரியாவிலும் பேதியிலும் செத்தவர்கள் அதிகம்.

எதிர்ப்பக்கம் பிரிட்டிஷ் படையில் என்ன செய்தார்கள்? இம்பால் முற்றுகையில் இருந்தபோது சாப்பாட்டையும் தோட்டாவையும் விமானத்தில் இறக்கினார்கள். தளபதி வில்லியம் ஸ்லிம், சிப்பாய்கள் தினமும் மலேரியாவைத் தடுக்கும் மெபாக்ரின் மாத்திரை விழுங்குகிறார்களா என்று திடீர்ச் சோதனை வைத்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது விழுங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பட்டாளத்தின் தலைவருக்கு வேலை போய்விடும். தோல் மஞ்சளாகிப் போகும் கசப்பு மாத்திரை அது. அதையும் அரிசியையும் ஒழுங்காகக் கொண்டு சேர்த்தவன் நின்றான், சேர்க்க முடியாதவன் திரும்பினான். உங்கள் தாத்தா அந்த அரிசிப் பக்கத்தில் இருந்திருக்கிறார். அவர் வேலையைச் சில்லறை வேலை என்று நினைக்காதீர்கள்.

சமையலையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஆகாயத்தில் எதிரி விமானம் சுற்றுகிற இடத்தில் பகலில் புகை எழுப்பினால் குண்டு விழும். ஆகவே இருட்டில் அடுப்பு மூட்ட வேண்டும், வெளிச்சமும் தெரியக்கூடாது. குழியில் அடுப்பு வைத்து, ஈர விறகை ஊதி ஊதி, விடிவதற்குள் சோறு வடித்து, நெருப்பை மண் போட்டு மூடிவிட வேண்டும். மழைக்காலத்தில் காய்ந்த விறகு தேடுவதே பாதி வேலை. தாத்தா இதைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதுதான் உங்கள் கட்டுரையின் முதல் பத்தி.

அப்புறம், தோட்டத்து ஆட்கள் இந்த வேலைக்கு ஒன்றும் புதியவர்கள் அல்ல. இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வரிசையில் நின்றவர்கள், தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்தவர்கள். இந்துஸ்தானியில் கட்டளை கேட்டு இடம் வலம் திரும்புவதுதான் அவர்களுக்குப் புதுசு. முதல் சில வாரம் பக்கத்து ஆளைப் பார்த்துத் திரும்பியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

சித்தப்பா சொன்னதற்கு வருகிறேன். 'சோத்துக்குத்தான்' என்கிறார். இருக்கட்டுமே! ரப்பரை வாங்க ஆளில்லை, தோட்டத்தில் வேலை இல்லை, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறில்லை. ஜப்பானியர் ஆள் பிடித்து, பர்மாவுக்குப் போடும் சயாம் ரயில் பாதைக்கு அனுப்புகிறார்கள், போனவர்களில் பலர் திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் பாதை அது. நம் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே செத்தார்கள். படையில் சேர்ந்தால் அந்தப் பட்டியலில் பெயர் வராது என்று நினைத்துச் சேர்ந்ததாகப் பல குடும்பங்களில் சொல்வார்கள். அதே ஆளுக்கு நேதாஜி பேச்சைக் கேட்டு உடம்பு சிலிர்த்திருக்கவும் கூடும். வயிறு ஒன்று, மனது ஒன்று என்று பிரித்துக் கேட்பது பிற்காலத்தில் பிறந்த நம் வசதி. உலகத்தில் எந்தப் பட்டாளத்திலும் சம்பளத்துக்கும் சோற்றுக்கும் சேர்ந்தவர்களே பாதிக்கு மேல் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களை யாரும் சிப்பாய் இல்லை என்று சொல்வதில்லை.

'மாவீரர்' பற்றி அப்பாவோடு சண்டைக்குப் போகாதீர்கள். மகன் மாட்டிய படம் அது. மலரில் எழுதுவது வேறு கணக்கு, அங்கே அந்தச் சொல் வேண்டாம்.

எழுதுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். தாத்தா காலத்து ஆள் யாராவது இருந்தால், இல்லையென்றால் அவர் பேச்சைக் கேட்டு வளர்ந்த அத்தை, பெரியம்மா யாராவது இருந்தால், அவர் எந்த வருஷம் மலாயாவை விட்டுப் போனார் என்று கேளுங்கள். 1944 தொடக்கத்திலா, கடைசியிலா என்பது முக்கியம். கடைசியில் போயிருந்தால் இம்பாலைப் பற்றி நான் மேலே சொன்னதை அவர் பெயரில் எழுதாதீர்கள்; 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றங்கரையில் ஞாவூ, பகான் பக்கம் நின்ற நேரு பிரிகேடாக இருக்கலாம். தில்லான் தலைமையில் இருந்த அந்தப் பிரிவில் மலாயாத் தமிழர்கள் நிறைய இருந்தார்கள். ரயிலில் போனாரா, எந்த ஊரில் இறங்கினார், திரும்பி வரும்போது யார் பிடித்தார்கள், எந்த முகாமில் வைத்தார்கள் என்பதையும் விசாரியுங்கள். மலாயா முகாமிலேயே பயிற்சியோடு போர் முடிந்துபோனவர்களும் ஏராளம். பர்மா என்று அவரே சொன்னாரா, அப்பா சொன்னாரா என்பதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் அனுப்புங்கள், மலர் வரும்வரை நான் காத்திருக்க மாட்டேன்.