கால இயந்திரம் நின்றுவிட்டால்: வாசகர் கேள்விகள், அக்காவின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, கால இயந்திரத்தைப் பற்றியவை. எல்லாம் வீடியோ விளையாட்டுக்குள் இருக்கும் இயந்திரங்கள்தாம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். அதனால் இப்படிப்பட்ட கேள்விகளைப் பிரித்துப் படிக்கும்போதே மனம் வேலைக்குக் கிளம்பிவிடுகிறது. கற்பனை இயந்திரமே ஆனாலும் அதற்கு மின்சாரம் வேண்டும், எரிபொருள் வேண்டும், பழுது பார்க்க ஓர் ஒழுங்கு வேண்டும். ஆகவே இம்முறை இந்த நான்குக்கு மட்டும் பதில். கைப்பேசி, மடிக்கணினி பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் படிவம் நான்கு மாணவன். நண்பர்களோடு சேர்ந்து கட்டங்களை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு கால இயந்திரம் கட்டியிருக்கிறேன். எரிபொருள் பெட்டி, குளிரூட்டும் தொட்டி, பிஸ்டன் கதவு, எந்தக் காலத்துக்குப் போகிறோம் என்று காட்டும் விளக்குப் பலகை, எல்லாவற்றையும் ரெட்ஸ்டோனில் (அந்த விளையாட்டில் மின்கம்பிபோல் சமிக்ஞை கடத்தும் தூள்) இணைத்திருக்கிறோம். பக்கத்தில் நின்றால் சரியாக ஓடுகிறது. தூரத்தில் சுரங்கம் தோண்டப் போய்விட்டுத் திரும்பினால் கதவு பாதி திறந்து கிடக்கிறது, பலகையில் தவறான விளக்கு எரிகிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: எதையும் மாற்ற வேண்டாம், தம்பி. பாகங்களை வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். மைன்கிராஃப்ட் உலகம் 16-க்கு 16 கட்டம் கொண்ட துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. விளையாடுபவர்கள் அதைச் சங்க் என்பார்கள். ஆட்டக்காரருக்கு அருகிலுள்ள துண்டுகளை மட்டுமே கணினி ஓட்டும். நீங்கள் விலகிப் போகப் போக, பின்னால் இருப்பவை ஒவ்வொன்றாக உறைந்துவிடும். முழு இயந்திரமும் ஒரே நொடியில் உறைந்தால் சிக்கல் இல்லை; திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். உங்களுடையது இரண்டு துண்டுகளின் எல்லைமேல் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கதவு இருக்கும் பாதி நின்றுபோன பிறகும், சமிக்ஞை அனுப்பும் பாதி சற்று நேரம் ஓடியிருக்கும். அனுப்பியதை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் யாரும் இல்லை. கதவு பாதியில் நிற்பதும் பலகை பொய் சொல்வதும் அதனால்தான்.

கணினிக்கான ஜாவா பதிப்பில் எஃப்3 விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜி விசையைத் தட்டினால் எல்லைக் கோடுகள் தெரியும். இயந்திரம் முழுவதையும் ஒரே கட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். தரை போதவில்லை என்றால் மேல்நோக்கிக் கட்டுங்கள்; ஒரு துண்டு என்பது உலகத்தின் அடியிலிருந்து உச்சிவரை போகும் தூண். அப்படியும் இடம் பற்றாவிட்டால், சர்வரில் அனுமதி உள்ளவரிடம் சொல்லி ‘ஃபோர்ஸ்லோட்’ கட்டளையால் அந்தத் துண்டுகளை எப்போதும் ஓட வைக்கலாம். கணினிக்கு அது சுமை என்பதால் தேவையான துண்டுகளுக்கு மட்டும் கேளுங்கள்.

இடத்தைச் சரிசெய்த பிறகு கம்பியைப் பாருங்கள். ரெட்ஸ்டோன் தூளில் சமிக்ஞையின் பலம் அதிகபட்சம் 15. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று குறையும். பதினாறாவது கட்டத்தில் ஒன்றும் இருக்காது. இடையில் ஒரு ரிப்பீட்டர் வைத்தால் பலம் மீண்டும் 15 ஆகும். அந்த ரிப்பீட்டரே தாமதக் கருவியும்கூட: 0.1 நொடி முதல் 0.4 நொடி வரை நாம் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். குளிரூட்டி முதலில் ஓடி, அதன் பிறகே கதவு பூட்ட வேண்டும் என்றால், கதவுக்குப் போகும் கோட்டில் ரிப்பீட்டர்களை வரிசையாக வையுங்கள்.

எரிபொருள் அளவைக் காட்ட என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பெட்டியை ஒட்டி ஒரு கம்பேரிட்டர் வையுங்கள். பெட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை 0 முதல் 15 வரை எண்ணாகச் சொல்லும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு பெட்டியில் 27 அறை, அறைக்கு 64 என்று 1,728 நிலக்கரித் துண்டுகள் பிடிக்கும். ஒரே ஒரு துண்டைப் போட்டாலே எண் 1 ஆகிவிடும். அது 2 ஆவதற்கு 124 துண்டுகள் தேவை. ஆகவே பலகையில் முதல் விளக்கு மட்டும் எரிகிறது என்றால், உள்ளே ஒரு துண்டு இருக்கலாம், 123-ம் இருக்கலாம். அந்த நிலையில் பயணத்தைத் தொடங்காதீர்கள். இரண்டாவது விளக்கு எரிந்தால்தான் கிளம்புவோம் என்று குழுவில் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் இயந்திரத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடக்க வேண்டும்? மைன்கிராஃப்டில் கட்டிலில் படுத்தால் இரவு கழிந்து காலை வந்துவிடும். ஆனால் வயலில் கோதுமை கொஞ்சமும் வளர்ந்திருக்காது, உலையில் போட்ட இரும்புத்தாது பாதி வெந்த நிலையிலேயே இருக்கும். கடிகாரத்தை மட்டும் திருப்பி வைத்திருக்கிறார்கள். நடுவில் எதுவும் நடக்கவில்லை. நேரத்தை மாற்றும் ‘டைம் செட்’ கட்டளையும் இதே வகைதான்.

உண்மையாகவே நேரத்தை ஓட்ட வேண்டுமானால் வழி வேறு. அந்த உலகத்துக்கு ஒரு நொடியில் 20 துடிப்புகள். ஒரு பகலிரவுக்கு 24,000 துடிப்புகள், அதாவது நம் கணக்கில் 20 நிமிடம். ஜாவா பதிப்பில் ஒவ்வொரு துடிப்பிலும், 16-க்கு 16-க்கு 16 அளவுள்ள ஒவ்வொரு பெட்டகத்திலிருந்தும் மூன்று கட்டங்கள் குலுக்கல் முறையில் எடுக்கப்படும். அங்கே பயிர் இருந்தால் அதற்கு வளரும் வாய்ப்பு கிடைக்கும். ஒரு கட்டத்துக்கு இந்த முறை சராசரியாக 68 நொடிக்கு ஒரு தடவை வரும். இந்தத் துடிப்புகள் நடந்தால்தான் பயிர் வளரும். 1.20.3 பதிப்பில் வந்த ‘டிக் ஸ்பிரின்ட்’ கட்டளை, கணினியால் முடிந்த வேகத்தில் துடிப்புகளை ஒன்றுவிடாமல் ஓட்டிக் காட்டும். எதிர்காலத்துக்குப் போகும் இயந்திரம் என்று பெயர் வைத்துவிட்டு வயலை அப்படியே விட்டால் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். உங்கள் இயந்திரம் கடிகாரத்தைத் திருப்புவதா, உலகத்தை ஓட்டுவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஓட்டுவது என்றால் உங்கள் வயல், உலை, எரிபொருள் பெட்டி எல்லாமே கணக்கில் வரும்.

கேள்வி: க்ரோனோ டிரிகர் விளையாட்டில் கால இயந்திரத்தில் மூன்று பேர்தான் ஏற முடிகிறது. நண்பர்கள் எல்லாரையும் ஏன் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை? (செந்தூல் வாசகர்)

பதில்: 1995-ல் வந்த அந்த விளையாட்டில் சண்டைக் குழு மூவரைக் கொண்டது. அந்தக் கட்டுப்பாட்டைக் கதைக்குள்ளேயே ஒரு விதியாக்கிவிட்டார்கள்: நான்கு பேரோ அதற்கு மேலோ காலவாசலில் நுழைந்தால், போக நினைத்த காலத்துக்குப் போகாமல் ‘காலத்தின் முடிவு’ என்ற இடத்தில் போய் விழுவார்கள். மற்ற நண்பர்கள் அங்கே காத்திருப்பார்கள், வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம். நுட்பக் குறையை மறைக்காமல் இயற்கை விதிபோல் ஆக்கிய அந்த யோசனையை நான் இன்றும் மெச்சுகிறேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. விளையாட்டு வடிவமைப்புப் படிக்கிறேன். என் இறுதியாண்டுத் திட்டம், ஒரு கால இயந்திரத்தைப் பராமரிக்கும் விளையாட்டு. பதினான்கு பாகங்கள் வைத்திருக்கிறேன்: மின்தேக்கி, நிலைநிறுத்தி, குளிரூட்டி, காலத்திசைகாட்டி என்று. ஒவ்வொன்றும் தேய்ந்துகொண்டே வரும். நூறு சதவீதத்திலிருந்து இறங்கிப் பூஜ்யம் ஆனால் நின்றுவிடும். விளையாடிப் பார்த்த நண்பர்கள் வீட்டு வேலை செய்வதுபோல் இருக்கிறது என்கிறார்கள். பாகங்களைக் குறைக்க வேண்டுமா? (செத்தாப்பாக் வாசகர்)

பதில்: தங்கையோ தம்பியோ தெரியவில்லை, திட்டம் அருமையான திட்டம், விட்டுவிடாதீர்கள். எண்ணிக்கை அதிகம்தான். ஆனால் உங்கள் நண்பர்களைச் சலிப்படைய வைத்தது அதுவல்ல என்று நினைக்கிறேன். பதினான்கு பாகங்களும் ஒரே மாதிரி பழுதாகின்றன, அதுதான் காரணம். எண் இறங்குகிறது, பொத்தானை அழுத்துகிறோம், எண் ஏறுகிறது. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

தொழிற்சாலையில் நான் கண்டதைச் சொல்கிறேன். மின்சுற்றுப் பலகைகளில் பாகங்களைப் பற்றவைக்க ஒரு நீண்ட அடுப்பு இருக்கும். பலகை ஒரு பக்கம் நுழைந்து, பல வெப்ப மண்டலங்களைக் கடந்து, மறுபக்கம் வெளியே வரும். ஈயம் கலக்காத பற்றாசு ஏறத்தாழ 217 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். அதைத் தாண்டிச் சூடேற்றினால்தான் நன்றாகப் பிடிக்கும். ஒரு மண்டலத்தின் வெப்பமூட்டி பலவீனமானால் அடுப்பு நிற்பதில்லை. பலகைகள் வரிசையாக வந்துகொண்டேதான் இருக்கும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். உருப்பெருக்கியின்கீழ் சாய்த்துப் பார்த்தால் பற்றாசின் மேற்பரப்பு மங்கி, சொரசொரப்பாக இருக்கும். நன்றாக உருகியது பாகத்தின் உலோகக் காலில் வழிந்து ஏறியிருக்கும். இது உருண்டையாகக் குந்தியிருக்கும். நின்றுபோன இயந்திரத்தை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓடிக்கொண்டே தவறு செய்யும் இயந்திரத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் வேண்டும். என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

அதை உங்கள் விளையாட்டில் கொண்டுவாருங்கள். நிலைநிறுத்தி பலவீனமானால் இயந்திரம் நிற்க வேண்டாம். 1957 என்று வைத்தால் 1959-ல் இறக்கிவிடட்டும். மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளைப் பார்க்கக் கிளம்பியவர் இரண்டு வருடம் தாமதமாக வந்து நிற்பார். தேதியை எப்படி அறிவார்? சுவரொட்டியைப் பார்க்க வேண்டும், நாளிதழ் வாங்க வேண்டும். திசைகாட்டி கெட்டிருக்கிறதா, நிலைநிறுத்தி கெட்டிருக்கிறதா என்று அவரே ஊகிக்க வேண்டும். ஒரே திசையில் தவறினால் ஒன்று, முன்னும் பின்னும் மாறி மாறித் தவறினால் இன்னொன்று. குளிரூட்டி குறைந்தால் பயணம் நடக்கட்டும். அடுத்த பயணத்துக்குக் காத்திருக்கும் நேரம் நீளட்டும். இப்படி ஒவ்வொரு பாகத்துக்கும் தனித் தவறு ஒன்றை எழுதிப் பாருங்கள். எழுத முடியாத பாகம் தேவையில்லாத பாகம். அநேகமாக ஐந்தோ ஆறோ மிஞ்சும்.

அடுத்தது, பாகங்கள் ஒன்றோடொன்று போட்டியிட வேண்டும். 2012-ல் வந்த ‘எஃப்டிஎல்’ என்ற விண்கப்பல் விளையாட்டை அவசியம் விளையாடிப் பாருங்கள். உலை தரும் மின்சாரத்தைக் கேடயம், எஞ்சின், ஆயுதம், பிராணவாயு என்று நாமே பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் போதாது. பிராணவாயுவிலிருந்து கொஞ்சம் எடுத்து ஆயுதத்துக்குக் கொடுத்துவிட்டு, மாலுமிகள் மூச்சுத் திணறுவதற்குள் சண்டையை முடிக்கப் பார்ப்போம். கிடைக்கும் உலோகக் கழிவுதான் பணம். அதை எரிபொருள் வாங்கச் செலவிட்டால் பழுது பார்க்க இருக்காது. உங்கள் மின்தேக்கியை அந்த உலையின் இடத்தில் வையுங்கள். மற்ற பாகங்கள் அதனிடம் கையேந்தட்டும்.

பின்னோக்கி ஓடும் வசதி வைக்கலாமா, நினைவகம் தாங்குமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். தாங்கும். 200 பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் இடமும் வேகமும் சேர்த்து 16 பைட் என்று வையுங்கள். நொடிக்கு 60 சட்டம் (திரையில் மாறி மாறி வரும் ஒவ்வொரு படமும் ஒரு சட்டம்) வீதம் 10 நொடிக்குச் சுமார் 19 லட்சம் பைட்தான் ஆகும், இரண்டு மெகாபைட்டுக்கும் குறைவு. ஒவ்வொரு சட்டத்தையும் முழுதாகச் சேமிக்காமல், இடையிடையே ஒன்றை முழுதாகவும் மற்றவற்றில் மாறியதை மட்டும் சேமித்தால் இன்னும் சுருங்கும். 2008-ல் வந்த ‘பிரெய்ட்’ விளையாட்டில் நெடுநேரம் பின்னால் போக முடிவது இப்படிச் சுருக்கிச் சேமிப்பதால்தான். ஆனால் கால இயந்திரம் இருக்கும் விளையாட்டில் பின்னோக்கும் பொத்தானையும் இலவசமாகக் கொடுத்துவிட்டால் இயந்திரத்தை யார் மதிப்பார்கள்? அதற்கும் மின்தேக்கியிலிருந்தே செலவு வையுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. நான் இளம் வயதில் விளையாடிய ‘டே ஆஃப் தி டென்டகிள்’ விளையாட்டின் புதுப்பித்த பதிப்பை வாங்கிக் கொடுத்தேன். இருநூறு ஆண்டுக்கு முன்னால் மாட்டிக்கொண்டவனின் கால இயந்திரத்துக்கு மின்கலம் செய்ய முடியாமல் திணறுகிறான். எனக்கும் மறந்துவிட்டது. விடையைச் சொல்லிவிடாமல் வழிகாட்ட முடியுமா? (பிரிக்பீல்ட்ஸ் வாசகி)

பதில்: நல்ல விளையாட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், அம்மா. 1993-ல் வந்தபோது எப்படி இருந்ததோ, 2016 பதிப்பிலும் புதிர்கள் அப்படியே இருக்கின்றன. மூன்று நண்பர்கள் மூன்று காலத்தில் நிற்கிறார்கள். சிறு பொருட்களை மட்டும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளலாம்.

மின்கலத்துக்கு வேண்டியவை எண்ணெய், வினிகர், தங்கம். மகன் வினிகரில்தான் நின்றிருப்பான் என்று நினைக்கிறேன். பழைய காலத்தில் வினிகர் எங்கும் கிடைக்காது, அதனால் தேடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே ஒரு புட்டித் திராட்சை மது இருக்கிறது. மதுவை மிக நீண்ட காலம் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று அவனிடம் கேளுங்கள். பதினொரு வயதுப் பையனுக்கு அது தெரியாமல் இருக்கலாம். சமையலறையில் இருக்கும் வினிகர் புட்டியை முகர்ந்து பார்க்கக் கொடுத்து விளக்குங்கள். பிறகு, அந்த வீட்டில் பொருட்களைப் போட்டு எதிர்காலத்துக்காக மூடி வைக்கும் இடம் ஒன்று இருக்கிறதே, கவனித்தாயா என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

தங்கத்துக்கு எழுதுகோல்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். எண்ணெயை அவனே கண்டுபிடிப்பான்.