முதல் வருடத்தில் என்ன சாதனை எழுதுவது?

கேள்வி: எனக்கு பிஎச்.டி. ஃபெல்லோஷிப் கிடைத்து ஒரு வருடம் ஆகிறது. ஃபெல்லோஷிப் பெறுகிறவர்களின் சாதனைகளைப் பல்கலைக்கழகம் வருடாவருடம் சிறு புத்தகமாகப் போடுகிறது. என்னிடமும் அரைப் பக்கம் கேட்டிருக்கிறார்கள். போன வருடப் புத்தகத்தில் பேப்பர், பரிசு, மாநாடு என்று எல்லோரும் அடுக்கியிருக்கிறார்கள். நான் செய்ததெல்லாம் ஒரு பழைய கருவியைச் சரிசெய்ததுதான். இரண்டு சோதனைகள் தோற்றுப்போயின. என்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்றே சந்தேகம் வந்துவிட்டது. என்ன எழுதட்டும்?

பதில்: அப்படி ஒரு புத்தகத்தைப் பதினோரு வருடம் தொகுத்தவன் நான். நீங்கள் பார்த்து மலைத்த பக்கங்களில் பெரும்பாலானவை மூன்றாம், நான்காம் வருட மாணவர்களுடையவையாக இருக்கும். முதல் வருடத்தவர்கள் கூச்சப்பட்டு நான்கு வரியில் முடித்துக்கொள்வார்கள். தொகுப்பவர் அதைக் கடைசியில் தள்ளிவிடுவார். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன், அது தவறு.

ஒரு முறை ஒரு மாணவர் 'குறிப்பிடும்படி எதுவும் இல்லை' என்று ஒரே வரி அனுப்பினார். மனசு கேட்காமல் லேபுக்கே போய்ப் பார்த்தேன். அறையின் சூடு ஏறி இறங்கும்போதெல்லாம் அங்கிருந்த கருவி தப்பான அளவு காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு பிசகு என்று எட்டு மாதம் குறித்து, திருத்த அட்டவணை ஒன்று போட்டு வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் வந்த மூன்று பேரின் தீசிஸ் அந்த அட்டவணையை நம்பித்தான் எழுதப்பட்டது. அவருக்கோ அது ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

வானியலாளர் ஜோசலின் பெல் பர்னெல் 1965ல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். முதல் இரண்டு வருடம் நாலரை ஏக்கர் நிலத்தில் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ரேடியோ தொலைநோக்கி கட்டும் வேலைதான். அந்தச் சமயத்தில் அவரிடம் அரைப் பக்கம் கேட்டிருந்தால் சுத்தியல் பிடித்ததைத்தான் எழுதியிருக்க முடியும்! 1967ல் தொலைநோக்கி ஓடத் தொடங்கியதும் நாளுக்குச் சுமார் 100 அடி நீளத்துக்குக் காகிதச் சுருள் வந்து விழுந்தது. அத்தனையையும் கண்ணாலேயே பார்த்தவர், கால் அங்குல அளவுக்கு ஒரு கிறுக்கல் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். கூடவே இருந்து கட்டியவர் என்பதால்தான் அதைக் கருவிக் கோளாறு என்று அவர் ஒதுக்கிவிடவில்லை என்று நான் நினைக்கிறேன். 1.33 விநாடிக்கு ஒரு முறை துடித்த அந்தக் கிறுக்கல்தான் உலகம் கண்ட முதல் பல்சார், அதாவது சுழன்றுகொண்டே சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு அனுப்பும் நட்சத்திரம். அவருடைய தீசிஸில் அது பின்னிணைப்பாகத்தான் இடம்பெற்றது. தீசிஸின் தலைப்பே வேறு.

ஆகவே கருவியில் என்ன பழுது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், முன்பு எவ்வளவு பிசகியது, இப்போது எவ்வளவு, இதையெல்லாம் எண்களோடு எழுதுங்கள். தோற்ற சோதனைகளையும் எழுதுங்கள். எந்த வழியில் போனால் முட்டிக்கொள்ளும் என்று அடுத்து வருகிறவருக்குத் தெரியட்டும். 'ஆர்வத்துடன் ஈடுபட்டேன்' மாதிரி வரி மட்டும் வேண்டாம். உங்களை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டீர்கள். தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். விண்ணப்பத்தில் இருக்கும் கேள்வி அந்த மாணவர் தானே யோசித்ததுதானா என்றுதான் நாங்கள் முக்கியமாகப் பார்த்தோம். முதல் வருடத்திலேயே பேப்பர் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

கேள்வி: ஒரு பேப்பரில் நாலாவது பெயராக இருக்கிறேன். அதைச் சாதனையில் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. அப்புறம், அதில் நீங்கள் செய்த பங்கு எது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நேர்காணலில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: எனக்குக் கிடைத்த முடிவு சரியாக இருக்க வாய்ப்பில்லை என்கிறார் கைடு. மூன்று முறை செய்து பார்த்தும் அதே எண்தான் வருகிறது. ஃபெல்லோஷிப் ஆண்டறிக்கையில் அதைக் குறைத்துக் காட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். செசிலியா பெய்ன் என்ற வானியல் மாணவி இங்கிலாந்திலிருந்து 1923ல் பிக்கரிங் ஃபெல்லோஷிப்பில் ஹார்வர்டு வானாய்வகத்துக்குப் போனார். சூட்டில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழப்பதை விளக்கும், இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹாவின் அயனியாக்கக் கோட்பாட்டை வைத்து, நட்சத்திர ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறமாலைகளிலிருந்து எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டார். உலோகங்களைவிட ஹைட்ரஜன் சுமார் பத்து லட்சம் மடங்கு இருப்பதாக வந்தது. நட்சத்திரமும் பூமியும் ஏறக்குறைய ஒரே சரக்கால் ஆனவை என்று எல்லோரும் நம்பிய காலம் அது. பெரிய வானியலாளரான ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல், இது நடக்காத காரியம் என்று சொல்லிவிட்டார். பெய்னும் 1925ல் கொடுத்த தீசிஸில், இந்த அளவு அநேகமாக உண்மையாக இருக்காது என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது 25தான். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

நீங்கள் கைடிடம் ஆட்சேபம் எதில் என்று கேளுங்கள். மாதிரியிலா, கருவியிலா, கணக்கிலா? அவர் சொல்வதைச் சோதித்துப் பாருங்கள். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அறிக்கையில் எண்ணை ஒரு வரியில் எழுதுங்கள், சந்தேகத்தை அடுத்த வரியில் எழுதுங்கள். பெய்ன் சந்தேகத்தைத்தான் எழுதினார், அட்டவணையில் இருந்த எண்ணைத் தொடவில்லை. 1929ல் ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் அங்கேதான் இருந்தது.