அப்பாவின் எஃப்.சி. வண்டிக்காக எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: வயது 43. ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். திருப்பூரில் தனியார் கம்பெனி வேலை, கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 14,000. மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பி.எஃப். போக சேமிப்பு என்றால் வங்கியில் இருக்கும் 7 லட்சம் எஃப்.டி.தான். அப்பா மஞ்சள் மூட்டை ஏற்றிய 1971 மகிந்திரா எஃப்.சி.-150 பிக்கப், 2009இலிருந்து மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அப்பா 2016இல் காலமானார். ஆர்.சி. இன்னும் அவர் பெயரில், சரக்கு வாகனமாகவே இருக்கிறது. நானும் ஒரு நண்பரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே பிரித்து வேலை பார்க்கலாம் என்று இருக்கிறோம். 4.5 லட்சம் ஆகும், முடித்தால் 7 லட்சத்துக்குப் போகும் என்கிறார் பட்டறைக்காரர். டீசல் இன்ஜின் போட்டால் மைலேஜ் கிடைக்குமாம், அதற்கு மட்டும் 1.2 லட்சம். இப்படியே தள்ளிக்கொண்டு போக ஒருவர் 1.6 லட்சம் தருகிறேன் என்கிறார். எஃப்.டி.யை உடைப்பதா, மனைவியின் நகையை வைப்பதா? 15 வருடம் தாண்டிய வண்டியை அரசே உடைத்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் வண்டியை விற்றுவிடுங்கள் என்றும் சொல்லமாட்டேன்.

எஃப்.டி.யில் இருக்கும் 7 லட்சத்தை உங்கள் பணம் என்று நினைக்காதீர்கள். இன்னும் மூன்று வருடத்தில் மகள் கல்லூரிக்குப் போகிறாள். நடுவில் வேலை போனாலோ ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ கைகொடுக்க வேண்டியதும் அதே பணம்தான். இரண்டு வேலைக்கே பற்றுமா என்று இருக்கும் தொகையில் மூன்றாவதாக ஒரு ஜீப்பை ஏற்ற முடியாது.

நகைக்கடனோ இன்னும் மோசம். 4 லட்சத்தை 10 சதவீத வட்டிக்கு வாங்கினாலே வருடத்துக்கு 40,000 ரூபாய் வட்டி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கும் வேலை மூன்று வருடமாவது இழுக்கும். அப்படியென்றால் 1.2 லட்சம் வட்டிக்கே போகும், அந்தக் காசில் ஒரு ஆணிகூட வண்டியில் ஏறியிருக்காது.

7 லட்சத்துக்குப் போகும் என்று சொன்ன பட்டறைக்காரரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "முடித்ததும் நீங்களே 6 லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறீர்களா, எழுதித் தருகிறீர்களா?" ஏன் 6 என்றால், செலவு 4.5 லட்சத்தோடு இன்று வேண்டாம் என்று விடும் 1.6 லட்சத்தையும் சேர்த்தால் உங்கள் அடக்கவிலை 6.1 லட்சம். உங்கள் உழைப்புக்குக் கூலி போடாமலேயே இந்தக் கணக்கு. அவர் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவார் என்றுதான் நினைக்கிறேன். ஆகவே லாபக் கணக்கை விடுங்கள். இது உங்கள் ஆசைக்கான செலவு, அப்பாவின் நினைவுக்கான செலவு. அதில் தப்பே இல்லை. சம்பளத்திலிருந்து மாதாமாதம் செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

தனியாக ஒரு கணக்கு தொடங்கி மாதம் 10,000 ரூபாய் போடுங்கள். அந்தக் கணக்கில் இருக்கும் பணத்துக்குத்தான் சாமான் வாங்க வேண்டும். 45 மாதத்தில் 4.5 லட்சம் சேர்ந்துவிடும். வீட்டில் வைத்துச் செய்வதால் கிடைக்கும் பெரிய வசதியே அவசரம் இல்லாததுதான்: பட்டறை வாடகை கிடையாது, வண்டியை எடுத்துப் போங்கள் என்று யாரும் போன் செய்யமாட்டார்கள். ஒரு மாதம் கை கடித்தால் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், முதல் செலவு ஸ்பானருக்கு அல்ல, காகிதத்துக்கு. வண்டியின் பெயரிலேயே எஃப்.சி. இருக்கிறது, ஆனால் கையில் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று இல்லை! சரக்கு வாகனம் என்றால் அந்தச் சான்றும் வேண்டும், வரியும் கட்ட வேண்டும். வண்டி ஓடவில்லை என்று அப்பா அப்போதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் சரி. இல்லாவிட்டால் கொட்டகையில் நின்ற காலத்துக்கும் வரியும் அபராதமும் ஏறியிருக்கும். பெயர் மாற்ற வாரிசுச் சான்று வேண்டும். அக்கா தங்கை இருந்தால் அவர்கள் கையெழுத்தும் வேண்டும். மூன்று எழுத்தில் தொடங்கும் அந்தக் காலத்து எண் கணினியில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். 20 வருடம் தாண்டிய இலகு வாகனத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமே 10,000 ரூபாய், தாமத அபராதம் தனி. மொத்த பாக்கி எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிந்துகொள்ளாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.

15 வருடக் கேள்விக்குப் பதில்: தனியார் வண்டியை வயதுக்காக மட்டும் உடைக்கும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் என்ற கட்டுப்பாடெல்லாம் டெல்லி வட்டாரத்துக் கதை. இங்கே தகுதிச் சோதனையில் தேற வேண்டும், அவ்வளவுதான்.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் தனிப் பதிவு வந்தது. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்று வரும். ஆனால் அது சொந்த உபயோக வண்டிக்குத்தான். அதனால் சரக்கு வாகனப் பதிவை முதலில் மாற்றியாக வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஓட்ட முடியாது.

இங்கேதான் டீசல் யோசனை இடிக்கிறது. இன்ஜினை மாற்றினால் இந்தக் கதவு மூடிவிடும். சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொண்டாலும் இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். சரி, பணக்கணக்காவது தேறுகிறதா? வருடத்துக்கு 500 கிலோமீட்டர் ஓட்டுவீர்களா? லிட்டருக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தால் பெட்ரோல் செலவு 7,000 ரூபாய் சொச்சம். டீசல் அதில் பாதிதான் என்றே வைத்துக்கொள்வோம், மிச்சம் 3,500. 1.2 லட்சத்தைத் திரும்ப எடுக்க 34 வருடம் ஆகும். உங்களுக்கு அப்போது 77 வயது.

பழைய பெட்ரோல் இன்ஜினையே வைத்துக்கொள்ளுங்கள். டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே கேபினுக்குள் உட்கார்ந்திருக்கிறதே, அது அந்தக் காலத்து வில்லீஸ் ஜீப்பில் இருந்த அதே ஹரிகேன் இன்ஜின்தான். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடினால் கிடைக்கும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்ய கோவையில் லேத்துக்குப் பஞ்சமில்லை. உங்கள் பணத்தைத் தின்னப்போவது மூக்கில்லாத அந்தக் கேபின்தான். அதன் தகடும் முன்கண்ணாடியும் மற்ற ஜீப்பில் இருந்து பொருந்தாது. பட்ஜெட்டை அங்கே ஒதுக்குங்கள். இன்றே ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து கேபின் தரையையும் கதவின் அடிப்பக்கத்தையும் குத்திப் பாருங்கள். டங் என்று சத்தம் வந்தால் தகடு பிழைத்தது. பொத்தென்று உள்ளே போனால் 4.5 லட்சம் பற்றாது.

வரிசையும் முக்கியம். நான் ஒரு பழைய லாம்பி ஸ்கூட்டரை வீட்டு வராந்தாவில் பிரித்துப்போட்டவன். போட்ட பட்ஜெட் 18,000, முடிந்தது 41,000. ஆசையில் முதலில் பெயின்ட் அடித்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் அடியில் வெல்டிங் பாக்கி. சூட்டில் பெயின்ட் கொப்புளித்து, இன்னொரு முறை அடித்தேன். போல்ட்டையெல்லாம் ஒரே பால் பவுடர் டப்பாவில் போட்டு வைத்தது வேறு கதை. பிரேக், இன்ஜின், தகடு, வயரிங் எல்லாம் முடிந்து, வண்டி தன் காலில் நகர்ந்த பிறகுதான் பெயின்ட்.

ஒருநாள் விற்றால் வரி உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சொந்தமாக ஓட்டிய வண்டி என்றால் பொதுவாக மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931 ஃபோர்டு டூரரை 21 லட்சத்துக்கு விற்றவரின் வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சொந்தமாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லாததால் வரி விழுந்தது. இன்ஷூரன்ஸ், பெட்ரோல் ரசீதுகளை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

வண்டியைத் தேய்க்கும் முன் சேஸிஸ் எண் எங்கே என்று தேடிப் பாருங்கள். அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள், நான்கைந்து எடுத்து வையுங்கள். அந்த இடத்தில் கிரைண்டரைக் காட்டவே கூடாது. எண் அழிந்துபோனால் ஆர்.டி.ஓ.வைப் பொறுத்தவரை அது வண்டியே இல்லை, பழைய இரும்புதான். அந்தப் பிரதியையும் ஆர்.சி. நகலையும் எடுத்துக்கொண்டு ஒருநாள் லீவு போட்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் வாருங்கள். பாக்கி 50,000க்குள் என்றால் அடுத்த மாதமே கணக்கைத் தொடங்கலாம். லட்சத்தைத் தாண்டினால் அந்த 1.6 லட்சக்காரர் நம்பரை இன்னும் அழிக்காதீர்கள், எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.