ஐந்து பவுண்டுக்கு இரண்டு இசைத்தட்டு

கேள்வி: பிரிட்டனின் தி கிளாஷ் குழுவின் 'லண்டன் காலிங்' ஆல்பத்தைப் பங்க் இசையின் உச்சம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பங்க் என்றால் மூன்று கார்டு (chord), வேகம், கோபம். இதிலோ டிரம்பெட், ஆர்கன், ஜமைக்காவின் ரெகே, ஜாஸ் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. காதல் பாட்டுகூட இருக்கிறது. பெரிய கம்பெனிக்கு விலை போன பிறகு செய்த ஆல்பம்தானே இது? கிட்டாரை உடைக்கும் அட்டைப்படமும் விற்பனைக்காக எடுத்ததுதானே?

பதில்: விலை போனார்கள் என்கிறீர்கள். சரி, அந்த விலையிலிருந்தே தொடங்குவோம்.

1977 ஜனவரியில் கிளாஷ் குழு சிபிஎஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியோடு 1,00,000 பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. அன்றே பங்க் செத்துவிட்டது என்றார் 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற சிற்றிதழை நடத்திய மார்க் பெர்ரி. ஆக, உங்கள் குற்றச்சாட்டுக்கு வயது நாற்பதுக்கு மேல் ஆகிறது. அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒலிப்பதிவுக்கும் சுற்றுப்பயணத்துக்கும் ஆகும் செலவு தங்கள் தலையில்தான் விழும் என்பது அவர்களுக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த வருஷமே கம்பெனி அவர்களைக் கேட்காமல் ஒரு பாட்டைத் தனித்தட்டாக வெளியிட்டது. அந்த ஆத்திரத்தை 'கம்ப்ளீட் கன்ட்ரோல்' என்று பாட்டாக்கி, அதே கம்பெனியின் தட்டிலேயே ஏற்றி வெளியிட்டார்கள். விலை போனவன் வாங்கியவனுக்கு எதிராக வாய் திறக்கமாட்டான்.

1979-இல் அவர்கள் நிலைமை என்ன? மேனேஜர் பெர்னி ரோட்ஸை முந்தின வருஷமே விலக்கிவிட்டார்கள். அவரோடு ஒத்திகை பார்த்த இடமும் போயிற்று. பாட்டு எழுத வேண்டிய ஜோ ஸ்ட்ரம்மரும் மிக் ஜோன்ஸும் ஒரு வருஷத்துக்கும் மேலாகப் புதிதாக எதுவும் எழுதவில்லை. லண்டனின் பிம்லிகோ பகுதியில் கார் பழுதுபார்க்கும் இடத்துக்குப் பின்னால், வனிலா என்ற பெயரில் ஓர் ஒத்திகை அறை கிடைத்தது. அங்கே நால்வரும் தினமும் கூடினார்கள். கொஞ்ச நேரம் கால்பந்து ஆடுவது, அப்புறம் வாசிப்பது. தங்களுக்குப் பிடித்த பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளையும் ரெகே பாட்டுகளையும் வாசித்து வாசித்துத்தான் கை திரும்பியது, சொந்தப் பாட்டும் வந்தது.

டிரம்பெட் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, அந்த அறையிலிருந்துதான் வந்தது. பேஸ் கிட்டார் வாசித்த பால் சைமனன் தென் லண்டனில் கரீபியக் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர். ரெகே அவருக்குத் தெருவில் கேட்ட இசை. டிரம்ஸ் வாசித்த டாப்பர் ஹெடனுக்கு ஜாஸும் சோல் இசையும் கைவந்தவை. தன் காதில் வளர்ந்த இசையை ஒருவன் வாசிக்கக் கூடாது, மூன்று கார்டுக்குள் அடங்கிக் கிடக்க வேண்டும் என்று சட்டம் போடுவதைவிடப் பங்க் இசைக்கு விரோதமான காரியம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கோபம் இல்லை என்கிறீர்களா? தலைப்புப் பாட்டை இன்னொரு தடவை கேளுங்கள். 1979 மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நடந்தது. அந்தப் பயமும் தேம்ஸ் நதி கரை உடைத்துவிடும் என்ற பயமும் அதில் சேர்ந்து ஒலிக்கின்றன. 'லாஸ்ட் இன் தி சூப்பர்மார்க்கெட்' தாழ்ந்த குரலில் பாடப்படும் பாட்டு. அடுக்குமாடி வீட்டில் பாட்டியோடு வளர்ந்தவர் ஜோன்ஸ். அந்தச் சிறுவயதை மனதில் வைத்து ஸ்ட்ரம்மர் எழுதிக் கொடுக்க, ஜோன்ஸே பாடினார். கத்தவே இல்லை. எனக்கு அந்த ஆல்பத்தில் மிகவும் வலிக்கும் பாட்டு அதுதான்.

விற்பனையை நினைத்துச் செய்கிறவர்கள் தயாரிப்பாளராக கை ஸ்டீவன்ஸைத் தேர்ந்தெடுக்கவே மாட்டார்கள். குடிப்பழக்கத்தால் பெயர் கெட்டுப்போன மனிதர். அவர் வேண்டாம் என்பதுதான் கம்பெனியின் எண்ணம். குழு விடவில்லை. ஹைபரியில் இருந்த வெஸ்ஸெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆகஸ்டில் வேலை தொடங்கியது. இவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டீவன்ஸ் நாற்காலியைத் தூக்கி எறிவார், ஏணியை எடுத்துச் சுழற்றுவார், பியானோவுக்குள் மதுவை ஊற்றுவார். பதிவு செய்யும் பொறுப்பில் இருந்த பில் பிரைஸ் அத்தனைக்கும் நடுவே நிதானமாகத் தன் வேலையைப் பார்த்தார். 'பிராண்ட் நியூ கேடிலாக்' பாட்டை ஒரு தடவை வாசித்து முடித்ததும், போகப்போக வேகம் கூடிவிட்டது, மறுபடி வாசிக்கலாம் என்றார் டாப்பர். ராக் அண்ட் ரோல் என்றாலே வேகம் கூடத்தான் செய்யும் என்று சொல்லி மறுத்துவிட்டார் ஸ்டீவன்ஸ். ஆல்பத்தில் நீங்கள் கேட்பது அந்த முதல் வாசிப்புதான். இரண்டு வருஷத்தில், 1981-இல், அவர் இறந்துபோனார். அந்த மனிதர் அங்கே இல்லாவிட்டால் இந்தத் தட்டில் இவ்வளவு உயிர் இருந்திருக்காது.

அட்டைப்படத்துக்கு வருவோம். 1979 செப்டம்பர் 20, நியூயார்க், பல்லேடியம் அரங்கு. நாற்காலிகள் தரையோடு பொருத்தப்பட்ட இடம். எழுந்து ஆட முயன்றவர்களைக் காவலர்கள் உட்கார வைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த எரிச்சலில்தான் சைமனன் தன் பேஸ் கிட்டாரைத் தரையில் அடித்தார். மேடை ஓரத்தில் நின்ற பென்னி ஸ்மித், அவர் தன் பக்கம் வருவதைப் பார்த்துப் பின்வாங்கிக்கொண்டே எடுத்த படம் அது. சைமனனின் முகம் தெரியாது, முதுகு வளைந்திருக்கும், படம் தெளிவாக விழவில்லை. இதைப் போடாதீர்கள் என்று சொன்னவரே பென்னி ஸ்மித்தான். ஸ்ட்ரம்மரும் அட்டையை வடிவமைத்த ரே லோரியும் பிடிவாதமாக இருந்ததால்தான் அது அட்டைக்கு வந்தது. அதில் இருக்கும் இளஞ்சிவப்பு, பச்சை எழுத்துகள் எல்விஸ் பிரஸ்லியின் 1956 ஆல்பத்தைப் பார்த்துப் போட்டவை. 1977-இல் எல்விஸ் வேண்டாம் என்று பாடியவர்கள் இரண்டே வருஷத்தில் அவர் எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். முரண்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அது பிடித்த முரண்பாடு.

அந்தக் காதல் பாட்டு, 'ட்ரெய்ன் இன் வெய்ன்', என்எம்இ என்ற இசைப் பத்திரிகையோடு இலவசமாகக் கொடுப்பதற்காகப் பதிவு செய்தது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டதும் ஆல்பத்தின் கடைசியில் சேர்த்தார்கள். அதற்குள் அட்டை தயாராகிவிட்டதால் பாட்டின் பெயரே அதில் இல்லை. தட்டில் பாட்டு முடிந்தபின் ஊசி ஓடும் வெற்று வளையத்தில் பெயரைக் கீறி வைத்தார்கள், அவ்வளவுதான். அட்டையில் பெயர்கூட இல்லாத அந்தப் பாட்டுதான் அமெரிக்காவில் 23-ஆவது இடம் வரை போனது. திட்டம் போட்டு விற்கிறவர்கள் இப்படியா செய்வார்கள்?

1979 டிசம்பர் 14 அன்று பிரிட்டனில் வெளியானபோது எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. 'சவுண்ட்ஸ்' இதழில் கேரி புஷெல் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தார். பழைய ராக் பாணிக்கே திரும்பிவிட்டார்கள் என்பது அவர் புகார். உங்கள் கட்சி. ஆனாலும் ஆல்பம் பிரிட்டனில் 9-ஆவது இடத்தையும் அமெரிக்காவில் 27-ஆவது இடத்தையும் பிடித்தது. அமெரிக்காவில் 1980 ஜனவரியில்தான் வந்தது என்பதால், 1989-இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் எண்பதுகளின் தலைசிறந்த ஆல்பம் என்று இதையே தேர்ந்தெடுத்தது. பட்டியல்களைக் காட்டி உங்களை மடக்க நான் விரும்பவில்லை. எனக்கு முக்கியம், அந்த ஆல்பத்தின் மேல் ஒட்டியிருந்த விலை.

இரட்டை ஆல்பம் என்றால் இரட்டை விலை என்பது அன்றைய வழக்கம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வேலை இல்லாத இளைஞர்கள் என்பது குழுவுக்குத் தெரியும். ஆல்பத்தோடு ஒரு பன்னிரண்டு அங்குலத் தனித்தட்டு இலவசமாகத் தரலாமா என்று கம்பெனியிடம் கேட்டார்கள். கம்பெனி சம்மதித்தது. அந்தத் தனித்தட்டில் ஒன்பது பாட்டை ஏற்றி முழு ஆல்பமாகவே ஆக்கிவிட்டார்கள். மொத்தம் 19 பாட்டு, இரண்டு தட்டு, சுமார் 5 பவுண்டு. அடுத்த வருஷம் 36 பாட்டோடு 'சாண்டினிஸ்டா!' என்று மூன்று தட்டு ஆல்பம் கொண்டுவந்தார்கள். அதையும் ஒரே தட்டின் விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காக, பிரிட்டனில் விற்கும் முதல் 2,00,000 பிரதிகளுக்குத் தங்களுக்குச் சேர வேண்டிய ராயல்டியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.