டிகாக்சின்ங்கற இதய மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி ஏன் ஸ்டெத் வச்சு பல்ஸ் எண்ணணும்?

மணிக்கட்டுல பாத்தா போதாதா, எதுக்கு நெஞ்சுல ஸ்டெத் வச்சு முழு நிமிஷம் எண்ணணும்னு கேட்டிருக்கீங்க. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தோட மேல் அறைகள் தாளம் தப்பி துடிக்கறது) இருக்கறவங்களுக்கு சில துடிப்பு சீக்கிரமே வந்துடும், வென்ட்ரிக்கிள்ல (இதயத்தோட கீழ் அறை) ரத்தம் சரியா நிரம்பறதுக்குள்ள அது சுருங்கிடறதால அந்த அலை கை வரைக்கும் வராது, உதாரணத்துக்கு ஒரு நிமிஷத்துல நெஞ்சுல 96 கேக்கும் கையில 78தான் தட்டும், அந்த 18தான் பல்ஸ் டெஃபிசிட். டிகாக்சின் ஏவி நோடை (மேல் அறையில இருந்து கீழ் அறைக்கு மின் துடிப்ப கடத்தற இடம்) மெதுவாக்கற மருந்து, அதனால நமக்கு வேண்டியது நெஞ்சுல கேக்கற கணக்கு. இடது பக்கம் 5வது விலா இடைவெளி, காலர் எலும்போட நடுவுல இருந்து நேரா கீழ, அங்க வைங்க. 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கற வேலையெல்லாம் தாளம் தப்பற இதயத்துகிட்ட செல்லாது. பெரியவங்களுக்கு 60க்கு கீழ வந்தா மாத்திரைய குடுக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. அப்படியே பொட்டாசியம் ரிப்போர்ட்டும் பாத்துடுங்க, அது குறைஞ்சா டிகாக்சின் டாக்சிசிட்டி (மருந்தே உடம்புல விஷமாகறது) ஈஸியா வரும்.