ஃப்ளைட் கன்ட்ரோலர் கேள்விகள்: போர்டு வாங்குவதிலிருந்து கையால் எறிவது வரை

ஆனி, ஆடி வந்தால் நம்ம பக்கம் காற்று மதியம் வரை கூடப் பொறுக்காது. விமானத்தைக் கிளப்ப வழியில்லாமல் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் காலம் இது, அதனால் ஃப்ளைட் கன்ட்ரோலர் (விமானத்தை நிலையாகப் பறக்க வைக்கும் சிறு கணினி போர்டு) பற்றிய கேள்விகளும் இந்த மாதங்களில்தான் அதிகம் வருகின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

"அண்ணாச்சி, ஃபோம்போர்டில் ஒரு மீட்டர் இறக்கை வச்சு விமானம் கட்டியிருக்கேன். நண்பனோட உடைஞ்ச ட்ரோனில் இருந்து எஃப்411 போர்டு ஒன்னு கிடைச்சிருக்கு. அதையே போடலாமா, புதுசு வாங்கணுமா?" (பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

தம்பி, முதலில் ஒரு தாளை எடுத்து அந்த விமானம் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். காற்றில் ஆடாமல் நேராகப் பறந்தால் போதுமா, அல்லது சிக்னல் போனால் தானாகத் திரும்பி வரவும் வேண்டுமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் போர்டு பாதி முடிவாகிவிடும்.

நேராகப் பறந்தால் போதும் என்றால் கையில் இருக்கும் எஃப்411 சிப் போர்டு தாராளமாகப் போதும். திரும்பி வர வேண்டும் என்றால்தான் சிக்கல். அந்த போர்டுகளில் பெரும்பாலும் இரண்டு யூஆர்ட்தான் (வெளிக் கருவிகளை இணைக்கும் வாய்) இருக்கும். ரிசீவருக்கு ஒன்று, ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்று என்று போட்டால் தீர்ந்தது, டெலிமெட்ரிக்கோ (விமானத்தின் நிலையைக் கீழே சொல்லும் தகவல்) டிஜிட்டல் வீடியோவுக்கோ இடம் கிடையாது. போர்டில் ஓடும் ஐநாவ் (INAV) மென்பொருளில் 7ஆம் பதிப்புதான் எஃப்411க்கு அதிகாரபூர்வமாக வந்த கடைசி பதிப்பு, அதற்குப் பிறகு அந்தச் சிப்புக்கு வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று, ட்ரோனுக்கென்று செய்த போர்டில் நான்கு மோட்டாருக்கான வெளியீடுதான் வசதியாக இருக்கும், சர்வோவுக்கு (திருப்பும் பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்) தனி மின்சாரம் இருக்காது, பல போர்டுகளில் உயரம் அளக்கும் பாரோமீட்டரும் இருக்காது. ஒவ்வொன்றாக வெளியே வாங்கி ஒட்டிக்கொண்டே போனால் கடைசியில் புது போர்டு விலை வந்துவிடும்.

புதிது வாங்கினால் 'விங்' என்று பெயரில் வரும் எஃப்405 வகையைப் பாருங்கள். மேடெக் எஃப்405-டபிள்யூடிஇ, ஸ்பீடிபீ எஃப்405 விங் இரண்டும் இந்த வகைதான். சர்வோ வரிசைக்குத் தனி பெக் (பேட்டரி வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் சுற்று), கரன்ட் சென்சார், பாரோமீட்டர் எல்லாம் அதிலேயே இருக்கும். சிப்பின் வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எஃப்405 ஓடுவது 168 மெகாஹெர்ட்ஸ், எச்743 ஓடுவது 480. ஆனால் நம்ம ஃபோம் விமானத்துக்கு 168 எதற்கும் குறைவில்லை. வித்தியாசம் தெரிவது நினைவகத்தில்: எஃப்405இல் 1 எம்பி, எச்743இல் 2 எம்பி. ஐநாவுக்குப் பதில் ஆர்டுபைலட் என்ற மென்பொருளை ஓட்ட நினைக்கிறவர்களுக்கு அந்த 1 எம்பியில் சில வசதிகளை வெட்டித்தான் தருவார்கள். ஐநாவ் ஓட்டினால் அந்தக் கவலை இல்லை.

"ஐநாவா, ஆர்டுபைலட்டா?" (பலர்)

முதல் விமானத்துக்கு ஐநாவ். ஒரு மாலையில் அமைத்து முடித்துவிடலாம், எதை எங்கே மாற்றுவது என்று கண்ணுக்குத் தெரியும். வரைபடத்தில் பாதை போட்டு வயலை அளக்க வேண்டும், காற்றுவேக சென்சார் போட வேண்டும், செங்குத்தாக எழும்பும் விமானம் கட்ட வேண்டும் என்றால் ஆர்டுபைலட்தான், அதற்குப் பொறுமையாகப் படிக்க ஒரு மாதம் ஒதுக்குங்கள். பீட்டாஃப்ளைட் ட்ரோனுக்கானது, இதற்கு வேண்டாம்.

"ஸ்டிக் சரியாக வேலை செய்கிறது, ஆனால் ஸ்டெபிலைஸ் போட்டதும் விமானம் உருண்டு விழுந்துவிட்டது. போர்டு கோளாறா?" (அம்பாசமுத்திரம்)

போர்டு கோளாறு இல்லை. இதே தவறை நானும் செய்திருக்கிறேன். பங்குனியில் முக்கூடல் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு குளத்தில் நின்று, இரண்டு மாதம் இழைத்து இழைத்துக் கட்டிய விமானத்தை எறிந்தேன். கையை விட்டு ஐந்தடி போகவில்லை, இடது பக்கம் புரண்டு களிமண் வெடிப்பில் மூக்கைக் குத்திக்கொண்டது. ஸ்டிக்கை ஆட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. போர்டு திருத்துவதற்காக அசைத்த திசையை மட்டும் நான் பார்க்கவே இல்லை.

பார்க்கும் முறை இதுதான். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஸ்டெபிலைஸ் மோடில் (போர்டு தானே விமானத்தைச் சமன்படுத்தும் நிலை) போட்டு, ஸ்டிக்கைத் தொடாமல் விமானத்தைக் கையில் பிடியுங்கள். வலது இறக்கையை மேலே தூக்கினால் வலது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே எழ வேண்டும், இடதுபுறத்தது இறங்க வேண்டும். மூக்கைத் தூக்கினால் எலிவேட்டர் (வாலின் கிடைப் பலகை) கீழே இறங்க வேண்டும். மூக்கை வலப்பக்கம் வெடுக்கென்று திருப்பினால் ரட்டர் (வாலின் செங்குத்துப் பலகை) இடப்பக்கம் போக வேண்டும். தூக்கிய பக்கத்தை அது இறக்கப் பார்க்கிறதா என்பதே சோதனை.

தவறாக இருந்தால் ரிமோட்டில் போய் ரிவர்ஸ் போடக் கூடாது. பெரும்பாலானோர் இடறி விழும் இடம் இதுதான். வரிசையாகப் போங்கள்: முதலில் கணினியில் அமைப்பு மென்பொருளின் 'ரிசீவர்' பக்கத்தைத் திறந்து, ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் கோடு சரியான பக்கம் நகர்கிறதா, பிறகு விமானத்தைச் சாய்த்தால் கணினித் திரையில் இருக்கும் படமும் அதே பக்கம் சாய்கிறதா (போர்டை வேறு திசையில் ஒட்டியிருந்தால் இங்கே தெரிந்துவிடும்), கடைசியில்தான் சர்வோவின் திசை. சர்வோ தலைகீழ் என்றால் போர்டின் வெளியீட்டில் திருப்புங்கள். முதல் இரண்டும் சரியாக இருந்து, மூன்றாவதை அங்கே சரி செய்தால், ஸ்டிக்கும் திருத்தமும் இரண்டும் சேர்ந்தே சரியாகிவிடும்.

"யுஎஸ்பி போட்டால் சர்வோ ஒன்றுமே அசையவில்லை."

அசையாது. விங் வகை போர்டுகளில் சர்வோ வரிசைக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்துதான் வரும். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு பேட்டரியைப் போடுங்கள்.

"வேகமாகத் திரும்பும்போது ஒரு நொடி எல்லாம் செத்துப்போய் மறுபடி உயிர் வருகிறது." (சேரன்மகாதேவி)

மின்சாரம் விழுகிறது. எல்லா சர்வோவும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது ஈஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருக்கும் சின்ன பெக் தாங்காமல் வோல்ட் இறங்கி, போர்டு அணைந்து திரும்ப எழுகிறது. நடுவானில் எழும்போது அதற்குக் கைரோவை (சுழற்சியை உணரும் சென்சார்) சரிபார்க்க நிலையான ஓர் இடமும் கிடையாது. ரிசீவரும் போர்டும் ஒரு பெக்கிலும் சர்வோக்கள் வேறு பெக்கிலும் இருக்கட்டும், கிரவுண்ட் கம்பி மட்டும் பொதுவாக இருக்கட்டும். சிக்கிக்கொண்டு முனகும் சர்வோ ஏதாவது இருந்தால் அதை முதலில் தூக்கிப் போடுங்கள்.

"ராதாபுரம் பக்கம் பறக்கிறோம். சிக்னல் போய் ஆர்டிஹெச் (தானாக வீடு திரும்பும் மோடு) வந்தது, ஆனால் விமானம் வீட்டைப் பார்த்தபடியே பின்னால் போய்க் காணாமல் போய்விட்டது. எங்கே தப்பு?"

எனக்கு மனசு கேட்கவில்லை இதைப் படித்தபோது. எல்லாம் சரியாக அமைத்தும் காற்றுக்குத் தோற்றுப்போனீர்கள்.

காற்றாலைகளை அத்தனை எண்ணிக்கையில் அங்கே நட்டு வைத்திருப்பதே மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி வழியாக வரும் அந்தக் காற்றுக்காகத்தான். கணக்கைப் பாருங்கள். உங்கள் விமானம் சாதாரணமாக மணிக்கு 45 கிலோமீட்டரில் போகிறது, மேலே காற்று 35இல் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு அரைக் கிலோமீட்டர் போக 22 நொடி ஆகும். அதே தூரம் திரும்பி வர 3 நிமிடம் ஆகும். காற்று 45ஐத் தாண்டிவிட்டால் விமானம் மூக்கை வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டே பின்னோக்கி நகரும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஐநாவில் தானாகப் பறக்கும்போது த்ராட்டில் (மோட்டாருக்குக் கொடுக்கும் விசை) 1000 முதல் 2000 வரையிலான அளவில் 1400இல் நிற்கும்படி வரும். நிறைய விமானங்களுக்கு அது ஆடிக் காற்றில் போதாது. குறைந்தபட்ச தரைவேகம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, வரும்போதே நொடிக்கு 7 மீட்டர் என்று இருக்கும். வேகம் அதற்குக் கீழே போனால் த்ராட்டிலைத் தானே கூட்டும், ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் உச்சவரம்புக்குள்தான். அந்த உச்சவரம்பையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நல்ல நாளில் கையால் ஓட்டி, எந்த த்ராட்டிலில் எவ்வளவு வேகம் வருகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு பிறகு இதை எழுதுங்கள், பிறர் எண்ணை நகல் எடுக்காதீர்கள்.

அடுத்தது உயரம். ஐநாவில் திரும்பும் உயரம் 10 மீட்டர் என்று வரும். நம்ம ஊர்ப் பனை அதைவிட இரண்டு மடங்கு நிற்கிறது, சில மரம் 30 மீட்டரையும் தொடும். 50, 60 என்று வையுங்கள். ஆர்டுபைலட்டில் 100 மீட்டர் என்று வருவதால் அங்கே பனைக்குப் பயமில்லை, ஆனால் மேலே போகப் போகக் காற்று கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். காற்றாலைகளுக்குள்ளே பறக்கவே வேண்டாம், இறக்கை சுற்றி முடித்த காற்றின் கலக்கம் ரொம்ப தூரம் வரும்.

இனிமேல் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: காற்று மேற்கிலிருந்து வந்தால் முதலில் மேற்கேதான் போக வேண்டும். எதிர்த்துப் போகும்போது பேட்டரி எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும், திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆர்டிஹெச் வேலை செய்கிறதா என்று 100 மீட்டர் தூரத்துக்குள்ளேயே ஸ்விட்சில் போட்டுப் பாருங்கள். ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் போர்டு செய்ய வேண்டியது) நடைமுறை எதில் நிற்கிறது என்றும் ஒரு தடவை திறந்து பாருங்கள், 'இறங்கு' என்று இருந்தால் மாற்றுங்கள். அப்புறம் தரையில், ப்ரொப்பெல்லர் இல்லாமல், ரிமோட்டை அணைத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

"காம்பஸ் கட்டாயம் வேணுமா? எனக்கு எப்பப் பார்த்தாலும் எரர்." (தங்கச்சி ஒருத்தி, பாளையங்கோட்டை)

சாதாரண இறக்கை விமானத்துக்கு வேண்டாம். அது எப்போதும் முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருப்பதால் ஜிபிஎஸ்ஸே திசையைச் சொல்லிவிடும். ஓரிடத்தில் நிற்கும் ட்ரோனுக்குத்தான் அது அவசியம். எரர் கொடுக்கும் காம்பஸைவிட அணைத்து வைத்த காம்பஸ் எவ்வளவோ மேல். வேண்டும் என்றால் பேட்டரிக் கம்பிகளிலிருந்து தள்ளி, இறக்கை நுனிப் பக்கம் வையுங்கள், கம்பிகளை முறுக்கி விடுங்கள்.

இதில் நமக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம்ம திருநெல்வேலியை ஒட்டித்தான் போகிறது. கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அமைந்திருப்பதும் அதனால்தான். இங்கே காந்தப்புலம் கிட்டத்தட்ட தரைக்குக் கிடையாக ஓடுகிறது, காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசமும் ஓரிரு டிகிரிதான். காம்பஸுக்கு இதைவிட வசதியான ஊர் இல்லை. எரர் வந்தால் காரணம் ஊர் இல்லை, உங்கள் வயரிங்.

ஆனால் அதே இடம் ஜிபிஎஸ்ஸுக்கு ஒரு தொந்தரவும் கொடுக்கும். பொழுது சாய்ந்த பிறகு இந்தக் காந்த நடுக்கோட்டு வட்டாரத்தில் அயனி மண்டலம் கொப்பளிக்கும், சாட்டிலைட் சிக்னல் மினுங்கும். பங்குனி, சித்திரையிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் இது கூடுதல், சூரியப் புள்ளிகள் அதிகம் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் கூடுதல். பகலில் 18 சாட்டிலைட் காட்டிய மாட்யூல் ராத்திரி எட்டு மணிக்குத் தடுமாறினால் உடனே மாட்யூலைக் குறை சொல்ல வேண்டாம்.

"ஆர்ம் ஆகவே மாட்டேங்குது. அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடலாமா?"

வேண்டாம். ஆர்ம் என்பது மோட்டார் சுற்ற அனுமதி கொடுப்பது. அது ஆகாததற்குக் காரணம் திரையிலேயே எழுதியிருக்கும்: ஜிபிஎஸ் பூட்டவில்லை, த்ராட்டில் கீழே இல்லை, அல்லது கைரோ இன்னும் சரிபார்க்கிறது. காற்றில் கையில் பிடித்தபடி பேட்டரி போடுகிறவர்களுக்கு மூன்றாவதுதான் பெரும்பாலும் காரணம். தரையில் வைத்துப் போடுங்கள்.

"எங்கே பறப்பது? யாரிடம் அனுமதி?" (வள்ளியூர், நாங்குநேரி, திசையன்விளை)

2021 ட்ரோன் விதிகளில் மாடல் விமானம் என்று சொல்வது 25 கிலோவுக்கு மேற்படாமல், பொழுதுபோக்கு, படிப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்காக, கண்ணில் படும் தூரத்துக்குள் பறப்பதை. முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர், போகலாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். வாகைக்குளம் (தூத்துக்குடி) விமான நிலையத்தின் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும். நீங்கள் மூவரும் இருக்கும் பகுதி மிகவும் கவனம் கேட்பது: கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம், விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம் எல்லாம் உங்கள் சுற்றுவட்டாரத்தில்தான். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் உங்கள் திடலைத் தேடி நிறத்தைப் பார்க்காமல் பேட்டரியைத் தொட வேண்டாம். பச்சையாகவே இருந்தாலும் கூந்தன்குளம் பக்கம் பறவைகள் கூடு கட்டும் நாட்களில் போகாதீர்கள்.

"பின்னால் ப்ரொப்பெல்லர் உள்ள விங். கையால் எறிய பயமாக இருக்கிறது."

பயம் நியாயமானது, அந்த ப்ரொப்பெல்லர் விரலை வெட்டும். ஐநாவில் லாஞ்ச் மோடைப் போடுங்கள். ஆர்ம் செய்து த்ராட்டிலை ஏற்றி வைத்தாலும் மோட்டார் சுற்றாது. எறிந்த வேகத்தைப் போர்டு உணர்ந்த பிறகு, கை விலகியதும்தான் சுற்றத் தொடங்கும். ஐடில் த்ராட்டில் பூஜ்யமாகவே இருக்கட்டும். முதல் தடவை ப்ரொப்பெல்லர் இல்லாமல், மெத்தையின் மேல் நாலைந்து தடவை எறிந்து மோட்டார் எந்தக் கணத்தில் கிளம்புகிறது என்று காதால் கேட்டுப் பழகுங்கள். ஒரு ஆள் எறியட்டும், இன்னொருவர் ரிமோட்டோடு நிற்கட்டும், எறிபவர் முழுக்கை உறை போட்டுக்கொள்ளட்டும்.