ராட்டினத்தில் ஏறாதவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கும் நண்பர்கள் சிலருக்கும் தீம் பார்க் பைத்தியம். ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில், மேஜிக் கிங்டம் பூங்காவில் ‘ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்று ஓர் ஆறு இருந்தது. அதில் லிபர்ட்டி பெல் என்ற நீராவிப் படகு ஓடும், நடுவில் டாம் சாயர் தீவு. 2025 ஜூலையில் மூன்றையும் மூடிவிட்டார்கள். ‘கார்ஸ்’ படத்தை வைத்து அங்கே புதிய பகுதி வருகிறது. எங்கள் வாட்ஸப் குழுவில் இதனால் பெரிய சண்டை. கூட்டமே இல்லாத பழசை எடுத்தால் என்ன என்கிறது ஒரு கட்சி. துரோகம் என்கிறது இன்னொன்று. டிஸ்னிலேண்ட் ஒருநாளும் முடிவடையாது என்று வால்ட் டிஸ்னியே சொன்னதாக இரண்டு கட்சியும் அவரையே சாட்சிக்கு இழுக்கிறது. நான் முதல் கட்சி. 2022-இல் என் அக்கா குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். நாங்கள் ஸ்பிளாஷ் மௌண்டன் சவாரிக்கு வரிசையில் நின்றோம். அம்மா எதிலும் ஏற மாட்டேன் என்று மத்தியானம் முழுக்க அந்தத் தீவில் உட்கார்ந்துவிட்டார். அவர் டிக்கெட் காசு வீண்தான். செயற்கையாக வெட்டிய ஓர் ஆற்றுக்காக இவ்வளவு பேர் வருத்தப்படுவது நியாயமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வழக்கமாகக் கடிதங்களைச் சேர்த்துவைத்துத்தான் பதில் எழுதுவேன். உங்கள் கடிதத்தைத் தள்ளிப்போட முடியவில்லை. புதுச்சேரிப் பக்கத்து வீராம்பட்டினம் தேருக்குப் போய்வந்ததிலிருந்து கிட்டத்தட்ட இதே விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். செயற்கை ஆறு என்பதெல்லாம் ஒரு வாதமா? நம் ஊசுட்டேரியும் மனிதன் கரை கட்டித் தேக்கியதுதான். அதற்காகப் பறவைகள் வராமலா இருக்கின்றன? வால்ட் டிஸ்னி சொன்னது இருக்கட்டும், எதை எடுக்கலாம் எதை எடுக்கக் கூடாது என்று அந்த வரியில் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் உதவுகிற சாட்சி யாருக்கும் உதவாத சாட்சி. அப்புறம், அன்று நீங்கள் வரிசையில் நின்ற ஸ்பிளாஷ் மௌண்டன். அதையும் 2023-இல் மூடினார்கள். அது வேறு கணக்கு. தோட்டத்தில் உழைத்த கறுப்பின மக்கள் சந்தோஷமாகப் பாடிக்கொண்டு திரிந்தார்கள் என்று காட்டிய 1946-ஆம் வருடப் படத்திலிருந்து எடுத்த கதை அது. அமெரிக்காவில் அந்தப் படத்தை வீடியோவாகக்கூட வெளியிட அந்த நிறுவனத்துக்கு மனம் வரவில்லை. கதையை மாற்றினார்கள், சறுக்குகிற தண்ணீர்ப் பாதை அப்படியே இருக்கிறது, 2024-இல் டியானா என்ற கறுப்பின டிஸ்னி இளவரசியின் பெயரில் திறந்தார்கள். செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். அதற்காக அழுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஆனால் ‘அவர் டிக்கெட் காசு வீண்தான்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

தம்பி, உங்கள் அம்மா அன்று என்ன செய்தார் என்று யோசித்தீர்களா? மிதவையில் ஏறித்தான் அந்தத் தீவுக்குப் போக முடியும். போய்விட்டால் யாரும் இறங்கு என்று சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் குகைக்குள் ஓடும், பீப்பாய்ப் பாலத்தில் குதிக்கும், கோட்டையில் ஏறும். பெரியவர்கள் மர நிழலில் உட்காருவார்கள். இருட்டும் நேரத்தில் மூடுவார்கள், அதுவரை அவரவர் இஷ்டம். 1973-இலிருந்து அப்படி இருந்த இடம். அவ்வளவு பெரிய பூங்காவில், மணி பார்க்காமல் ஒரு அம்மா உட்கார்வதற்கென்று இருந்த இடம் அது. அங்கே அவர் உட்கார்ந்திருந்ததால்தான் நீங்கள் நிம்மதியாக வரிசையில் நின்றீர்கள். அவரை நடுவெயிலில் தெருவோரம் நிறுத்திவிட்டுப் போயிருந்தால் பாதி வரிசையில் திரும்பி ஓடி வந்திருப்பீர்கள்.

எங்கள் பெரிய அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடி மாதம் ஐந்தாவது வெள்ளி வீராம்பட்டினத்தில் செங்கழுநீரம்மன் தேர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார், இன்றும் துணைநிலை ஆளுநர் வந்துதான் தொடக்கிவைக்கிறார். அரியாங்குப்பத்திலிருந்து நடந்தே போவோம். எங்களுக்கு அம்மனைவிட ராட்டினம்தான் முக்கியம். மரத்தில் செய்த தொட்டில் ராட்டினம், நான்கே பெட்டி. இரண்டு பேர் சட்டத்தின் மேல் ஏறி மிதித்தும் கையால் தள்ளியும் சுற்றுவார்கள். மேலே போனால் கடல் தெரியும். கீழே வந்தால் அத்தை தெரிவார்.

அத்தை ஒருநாளும் ஏறியதில்லை. மணலில் பழைய புடவை ஒன்றை நான்காக மடித்துப் போட்டுக்கொள்வார். எங்கள் எல்லோருடைய செருப்பும் அவர் மஞ்சள் பையில் இருக்கும். எது யாருடையது என்று பார்க்காமலே கையை விட்டு ஜோடியாக எடுத்துக் கொடுப்பார். பெட்டி கீழே வரும் ஒவ்வொரு முறையும் ‘கம்பிய வுடாத!’ என்று ஒரு சத்தம். மற்ற நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களோடு பேச்சு. ஒருத்தி பனித்திட்டு, ஒருத்தி தவளக்குப்பம், ஒருத்தி நல்லவாடு. வருடத்துக்கு ஒருமுறை அந்த ராட்டினத்தடியில்தான் அவர்கள் சந்தித்தார்கள். யார் வீட்டில் பிரசவம், யார் மாமியாரோடு பேசுவதில்லை, யார் நகை அடகில் மூழ்கிப்போனது எல்லாம் அங்கே பேசப்படும். என் சித்தப்பா மகளுக்கு வரன் பார்த்தது அந்த மணலில்தான். நாங்கள் சுற்றியது ஐந்து நிமிடம் இருக்குமா? அத்தையின் திருவிழா சாயங்காலம் முழுக்க.

பிறகு இரும்பு ராட்டினம் வந்தது. ஜெயண்ட் வீல், கொலம்பஸ், பிரேக் டான்ஸ். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், நானும் ஆசையாக ஏறினேன். குத்தகை எடுத்தவர் சுற்றிலும் தகரம் அடித்தார். டிக்கெட் வைத்திருப்பவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே. ஜெனரேட்டரை வைத்தது சரியாக அத்தை உட்காரும் இடத்தில். புகையும் இரைச்சலும் தாங்காமல் அந்தப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அடுத்த வருடம் அத்தை வரவில்லை. ‘எவ்ளோ நேரம்டி நின்னுக்கிட்டே இருக்கறது?’ என்றார். அத்தை ஏன் வரவில்லை என்று வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்தான் ராட்டினத்தில் ஏறுவதில்லையே!

இந்த வருடம் தேருக்குப் போனபோதும் அதைத்தான் தேடினேன். ஏறுவதற்கு எத்தனையோ வந்திருக்கின்றன. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், உட்கார இடமில்லாமல் ஒரு வேனின் நிழலில் சாய்ந்துகொண்டு, மற்ற பிள்ளைகளின் செருப்பை இரண்டு கையிலும் பிடித்திருந்தாள்.

உங்கள் குழுவில் இரண்டு கட்சியும் ஏறுகிறவர்களின் கட்சிதான். ‘கூட்டமே இல்லை’ என்கிறவர்கள் வரிசையின் நீளத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். உட்காருகிறவர்களுக்கு வரிசை எப்படி நீளும்? துரோகம் என்கிறவர்களும் நீராவி இஞ்சினுக்காகவும் தங்கள் சின்ன வயதுக்காகவும்தான் வருந்துகிறார்கள். 1998-இல் அதே பூங்காவில் மிஸ்டர் டோட் சவாரியை மூடியபோது பச்சை பனியன் போட்டுப் போராடினார்களே, அவர்களும் அப்படித்தான். அந்தப் போராட்டம் தோற்றது, அங்கே வின்னி த பூ சவாரி வந்தது. வரட்டும். ஒரு சவாரி போய் இன்னொரு சவாரி வந்தால் ஏறுகிறவர்களுக்கு ஏதோ ஒன்று மிச்சம். தீவு போய் சவாரி வந்தால் உங்கள் அம்மாவுக்கு என்ன மிச்சம்?

இதில் காசுக் கணக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1999-இல் இலவசமாக ஃபாஸ்ட்பாஸ் சீட்டு கொடுத்தவர்கள் 2021-இலிருந்து வரிசையைத் தாண்டிப் போகத் தனிக் காசு வாங்குகிறார்கள். காத்திருக்க வைக்கிற சவாரிக்குத்தான் அந்தச் சீட்டு விலைபோகும். மர நிழலுக்கு யார் வாங்குவார்கள்? டியானா சவாரியில் ஏற 40 அங்குல உயரம் வேண்டும். அந்த உயரம் வராத பிள்ளையை வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் வெளியே நின்றுதான் ஆக வேண்டும். அந்த ஒருவர் அநேகமாக யார் என்று உங்களுக்கே தெரியும்.

பழசு என்பதற்காக எல்லாவற்றையும் காப்பாற்று என்று நான் சொல்லவில்லை. அதே பூங்காவில் 1975-இலிருந்து பீப்பிள்மூவர் என்ற குட்டி ரயில் போன்ற சவாரி ஓடுகிறது. மெதுவாக, மாடி உயரத்தில், காற்று வாங்கிக்கொண்டு. அது இரைச்சலும் உயரக் கட்டுப்பாடுமாக ஆகாமல் இருந்தால் போதும். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் இதே மாதிரி ஆறும் தீவும் இன்னும் இருக்கின்றன, அதை நினைத்தால் கொஞ்சம் ஆறுதல். நம் பாண்டி பீச் ரோட்டில் சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கப்புறம் போய்ப் பாருங்கள், பாதிக் கூட்டம் சும்மா உட்கார்ந்திருக்கும். அதை யாராவது வீண் என்று சொல்லி நாலு ராட்டினம் வைக்கக் கிளம்பினால் முதல் ஆளாக நான் சண்டைக்குப் போவேன். உங்கள் குழுவையும் கூப்பிடுவேன், வர வேண்டும்.

வருத்தப்படுவது நியாயமா என்று கேட்டீர்கள். நியாயம்தான். அதைவிட அம்மாவிடம் கேளுங்கள். அன்று மத்தியானம் எங்கே உட்கார்ந்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள், பாஷை தெரியாமல் யாரோடாவது சிரித்துப் பேசினாரா, என்ன பார்த்தார். மூன்று வருடமாக நீங்கள் கேட்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள். இங்கே போடுகிறேன். டிக்கெட் காசு பற்றிய அந்த வரியை மட்டும் அவரிடம் காட்டாதீர்கள்.

அன்புடன்,
அக்கா